பனிநாட்டில் ஒரு பழைய டிராக்டர்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் மிகப் பெரியது சுபீரியர். ஏரி என்பது பெயரளவில்தான். ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நீர்ப்பரப்பின் கரையில் நிற்பவருக்கு எதிர்க்கரை புலப்படாது. காற்று வீசும் நாளில் அலைகளின் முழக்கம் நம் சென்னைக் கடற்கரையை நினைவூட்டும். அந்த ஏரிக்குள் தென்கரையிலிருந்து வளைந்த விரல் போல நீண்டு கிடக்கும் நிலத்திற்குக் கீவனா தீபகற்பம் என்று பெயர். மிஷிகன் மாநிலத்தின் வடகோடியில் உள்ளது அது.

ஒரு காலத்தில் செம்புக்குப் பெயர்பெற்ற பூமி இது. ஹான்காக் என்னும் சிற்றூரின் மேலுள்ள குன்றில் குவின்சிச் சுரங்கம் 1846 முதல் 1945 வரை நடைபெற்றது. அதன் உயர்ந்த கட்டடம் இன்றும் குன்றின் மீது காவல் நிற்கிறது. பின்லாந்திலிருந்தும், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அவர்களுடைய சந்ததியார் பலர் இவ்விடத்தை விட்டுப் போகவில்லை. கால்வாய்க்கு அக்கரையிலுள்ள ஹௌட்டன் நகரில், சுரங்கத் தொழிலைக் கற்பிக்க 1885-இல் நிறுவப்பட்ட கல்லூரி இன்று மிஷிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அங்கே பணிபுரியும் என் மகனுடன் அக்டோபர் முதல் மார்ச் வரை தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் சிம்லாவிலோ மணாலியிலோ பனியைக் கண்டிருக்கலாம். கீவனாவின் பனி வேறு வகை. கனடாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத ஏரியின் மேல் தவழ்ந்து வரும்போது அதன் ஈரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. தீபகற்பத்தின் முதுகுபோன்ற மேட்டில் மோதி மேலெழுந்ததும் அவ்வளவு ஈரத்தையும் வெண்பனியாக உதறிவிடுகிறது. ஓராண்டில் 200 அங்குலம் விழுவது அங்கே புதுமையல்ல. 1978–79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம், அதாவது 32 அடிக்கும் மேல், பெய்ததாகக் கணக்கு. அதைக் காட்டும் ஓர் உயர்ந்த அளவுகோலை நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள்.

பொதுச்சாலைகளில் விழும் பனியை அரசாங்கத்துப் பெரிய லாரிகள் இரவு பகலாக ஒதுக்கிவிடும். சாலையிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள பாதையோ வீட்டுக்காரரின் பொறுப்பு. சாலை லாரி கடந்து செல்லும்போது அப்பாதையின் வாயிலில் இறுகிய பனியால் ஒரு கரையையும் கட்டிவிட்டுப் போகும். அதை மீண்டும் சாலையில் தள்ளுவது சட்டப்படி குற்றம். பாதை அடைபட்டால் வேலைக்குப் போக முடியாது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு வண்டி வராது. நோயாளியைக் கொண்டுபோகும் வண்டியும் வராது. எனவே மண்வெட்டியோ, பனியை வீசியெறியும் யந்திரமோ, டிராக்டரோ இல்லாத வீட்டை அங்கே காண்பது அரிது.

என் மகன் குடியிருக்கும் சரிவில் மூன்று வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சரளைப் பாதை உண்டு. மேல்கோடி வீட்டில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் தனியே வசிக்கிறார். நடுவீட்டுக்காரர் எண்பது வயதைக் கடந்த பெரியவர். அவருடைய பாட்டனார் பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவராம். பல ஆண்டுகளாக அந்தப் பாதை முழுவதையும் திறந்து வைத்தது அப்பெரியவரின் தந்தையார் வாங்கிய ஒரு சிறு டிராக்டர்: ஃபோர்டு 8-என்.

இந்த டிராக்டருக்கு ஒரு சரித்திரம் உண்டு. அயர்லாந்தில் விவசாயி மகனாகப் பிறந்த ஹாரி ஃபெர்குசன், கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கியிறக்கும் முறையை வகுத்தவர். 1938-இல் அவரும் ஹென்றி ஃபோர்டும் பத்திரம் எதுவும் எழுதாமல் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன் பயனாக 1939-இல் 9-என் பிறந்தது. ஃபோர்டின் பேரன் பொறுப்பேற்ற பின் உறவு முறிந்தது. 1947-இல் 8-என் தனியே வெளிவந்தது. ஃபெர்குசன் தொடுத்த வழக்கு 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. 8-என் உற்பத்தியும் அவ்வாண்டுடன் நின்றது. அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகிவிட்டன. ஃபெர்குசனின் பெயரைத் தாங்கிய மாசி ஃபெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன்தான் 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்புறத்திலும் அதே மூன்று பிணைப்புகளைக் காணலாம்.

பனியை ஒதுக்குவதை ஆங்கிலத்தில் 'உழுதல்' என்றே சொல்கிறார்கள். ஆனால் அதற்கு மாட்டும் கருவி கலப்பை அன்று. சேற்று வயலைச் சமன் செய்ய நாம் மாடு கட்டி இழுக்கும் பரம்புப் பலகையைப் போன்ற, சற்றே குழிந்த ஆறடி இரும்புப் பலகை. அதைச் சாய்வாக மாட்டி முன்னோக்கி இழுத்தால் பனி ஓரமாக ஒதுங்கும். திருப்பி மாட்டி வண்டியைப் பின்னோக்கி ஓட்டினால் குவியலைத் தள்ளலாம். மூன்று பிணைப்பு முறை பலகையைத் தூக்குமே அல்லாது கீழ்நோக்கி அழுத்தாது; ஆகையால் பலகையின் மேல் இரும்புக் கட்டிகளை ஏற்றிக் கட்டுகிறார்கள்.

சுமார் 25 குதிரைத் திறன் கொண்ட அந்தச் சிறு வண்டிக்குப் பனியில் குறைவது வலிமை அன்று, பிடிப்புத்தான். அதற்கான ஏற்பாடுகளை அக்டோபர் மாதத்திலேயே பெரியவர் தொடங்கினார். பின்சக்கரங்களின் டயர்களுக்குள், கடுங்குளிரிலும் உறையாத கால்சியம் குளோரைடுக் கரைசல் நிரம்பியிருந்தது. அது வண்டிக்குப் பாரம் தரும். இரும்பை அரிக்கும் குணம் அதற்கு உண்டாதலால், சக்கர விளிம்புகளில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தார். டயர்களின் மேல் கனத்த சங்கிலிகளைப் பூட்டினார். ரேடியேட்டரில் உறைதடுப்புத் திரவம் நிரப்பினார். பற்சக்கரப் பெட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, எண்ணெயினடியில் தேங்கிய நீரை வடித்தார். வேனிலில் துளித்துளியாகப் புகுந்த அந்நீர் குளிரில் உறைந்தால் எண்ணெய்ப் பம்பு இறுகிப் பலகை எழாது என்பது அவர் விளக்கம். பழைய ஆறு வோல்ட் மின்கலத்துக்குத் தடித்த புதுக் கம்பிகளை இணைத்தார். எஞ்சினைச் சூடாக்கும் மின்கருவி ஒன்றையும் பொருத்தினார். கூரையில்லாத அவ்வண்டியில், எஞ்சினின் வெப்பம் ஓட்டுபவர்மேல் படுமாறு கித்தான் துணியால் ஒரு மறைப்பும் கட்டினார். மண் உறைவதற்கு முன்பே பாதையின் இருபுறமும் உயரமான கம்புகளை நட்டார். எல்லாம் வெண்மையாகிவிட்ட பின் பாதை எது, பள்ளம் எது என்று சொல்லவல்லவை அக்கம்புகளே.

நவம்பரில் பெய்த முதல் பனியை அவர் வழிக்கவில்லை. சக்கரங்களால் மிதித்து இறுகவிட்டார். சரளைக் கற்கள் பலகையோடு வாராமல் இருக்க, அடியில் அவ்வாறு ஓர் உறைந்த தளம் அமைய வேண்டும். அதன்பின் விழுந்த பனியைப் பாதையின் விளிம்பிலிருந்து வெகுதூரம் தள்ளினார். "இவ்வளவு தூரம் எதற்கு?" என்று கேட்டேன். நவம்பரில் சோம்பினால் ஓரக் குவியல்கள் கல்லாக உறைந்து, ஜனவரிக்குள் பாதை ஒற்றையடித் தடமாகக் குறுகிவிடும் என்றார்.

ஜனவரியில் ஒரு புயல் மூன்று நாள் ஓயாமல் வீசியது. மேல்வீட்டு மூதாட்டியின் எரிவாயுத் தொட்டி வற்றும் நிலையில் இருந்தது. நான்காம் நாள் நிரப்பும் லாரி வரவேண்டும். பாதை திறவாதிருந்தால் அது திரும்பிப் போய்விடும். வெளியிலோ பூஜ்யத்துக்குக் கீழ் இருபது டிகிரி. பனி ஒரு முழத்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்தச் சிறு வண்டி அதில் புதைந்துபோகும். ஆதலால் சில மணிக்கு ஒருமுறை ஓட்டியே தீரவேண்டும். முதல் இரவைப் பெரியவர் ஒருவரே சமாளித்தார். ஓயாமல் பின்னால் திரும்பிப் பார்த்ததில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் விடியலில் எங்கள் கதவைத் தட்டி, என் மகனை அழைத்துப்போய் இருக்கையில் அமர்த்தினார்.

தாம் அருகே நின்று ஒவ்வொன்றாகக் கற்பித்தார். கிளட்சை மிதித்தால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். ஆகவே முதலில் பலகையைத் தூக்கு, பிறகு மிதி. இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் பிரேக் தனித்தனி. முன்சக்கரம் வழுக்கினால் திரும்ப வேண்டிய பக்கத்துப் பிரேக்கை மட்டும் மெல்லத் தொடு. சரிவில் அவசரப்படாதே. கொட்டகைக் கதவைத் திறக்காமல் எஞ்சினைக் கிளப்பாதே. அதன் புகை ஆளைக் கொல்லும். அன்று முதல் இருவரும் முறைவைத்து ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் திறந்தது மேல்வீட்டுப் பாதையைத்தான். தங்கள் வாசல்களை அதன் பின்னரே கவனித்தார்கள். நான்காம் நாள் முற்பகலில் லாரி மேலேறி வந்து எரிவாயுவை நிரப்பிச் சென்றது. மூதாட்டி சன்னல் திரையை விலக்கிக் கையசைத்தார்.

பெரியவருடைய பிள்ளைகள் தொலைதூர நகரங்களில் வாழ்கிறார்கள். வண்டியை விற்றுவிடும்படி அவர்கள் சொல்லி வந்தார்களாம். பிப்ரவரியில் ஒருநாள் அவர் கொட்டகைச் சாவியின் பிரதி ஒன்றை என் மகனிடம் கொடுத்தார். எண்ணெய் மாற்றிய தேதிகளை எழுதி வைத்திருந்த பழைய குறிப்பேட்டையும் கூடவே கொடுத்தார். நான் புறப்படும்போது பாதையோரக் குவியல்கள் கூரையின் தாழ்வாரத்தை எட்டியிருந்தன. பாதையோ நவம்பரில் இருந்த அகலத்தில் சிறிதும் குறையவில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, புதிய இடம் எப்போது நம் இடமாகிறது என்ற கேள்வி எழுவதுண்டு. அவ்வூரின் பொதுவேலையில் ஒரு பங்கு நம் கைக்கு வரும்போது என்றே எனக்குத் தோன்றுகிறது. பனிநாடுகளில் குடியேறும் நம் பிள்ளைகளுக்குக் கம்பளி உடையும் ஊறுகாயும் கட்டி அனுப்பும் பெற்றோர் இதையும் சொல்லி அனுப்பலாம்: மண் உறைவதற்கு முன்பே அண்டை வீட்டாரைப் போய்ப் பாருங்கள், அவர்கள் கம்பு நடும்போது நீங்களும் கூடச் சென்று நடுங்கள்.