அமைதியான குதிரை

எனது ராத்தாவின் கணவர் நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைப்பவர். 2020 மார்ச்சில் நாடு முடக்கப்பட்டபோது அவரிடம் இரண்டு மட்டக்குதிரைகள் நின்றன. உல்லாசப் பயணிகளின் வரவு நின்றது. குதிரைகளின் தீனிச் செலவு நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் விற்றார். 2022 நெருக்கடியில் மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். 2023 இல் வாவிக்கரையில் மீண்டும் சனம் சேரத் தொடங்கியதும், ராத்தாவின் வளையல்களை அடகு வைத்த பணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், நான் படிக்காத ஆள். எந்தச் சாதிக் குதிர சாதுவா ஈக்கும், பாரம் தாங்கும் என்டு நீங்கதான் பொத்தகம் பாத்துச் செல்லோணும். சின்னப் புள்ளயள ஏத்துற வேல."

கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எனக்கும் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் தேடித் தேடி வாசித்தேன். நோர்வேயின் பியோர்ட் குதிரை, தென் தைரோல் மலைகளின் ஹஃப்லிங்கர் - கட்டையான கால், அகன்ற முதுகு, பதறாத சுபாவம் என்று இவற்றைப் புகழ்ந்திருந்தார்கள். அதையெல்லாம் மச்சானிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுகள் நம்மட பக்கம் எங்க மச்சான் ஈக்கி?" என்றார். நெடுந்தீவுக் குதிரைகளையும் நினைத்துப் பார்த்தோம். அவை மனிதக் கை படாமல் வளர்பவை; 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட நிலத்தில் திரிபவை; விலைக்கு வாங்கும் பொருளல்ல.

எங்கள் பக்கத்தில் கிடைப்பவை இரண்டு வகைதான். ஒன்று, பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த தரோபிரெட். மற்றது, எதனோடு எது கலந்தது என்று எவருக்கும் தெரியாத மட்டக்குதிரை. தரோபிரெட்டின் வம்சம் எனக்குக் கவர்ச்சியாக இருந்தது. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழைத் தேசங்களிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று ஆண் குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. அது சூட்டு இரத்தம், வேகத்துக்கென வளர்த்த இனம் என்றும் வாசித்திருந்தேன். ஆனாலும் பார்க்கப் போன இடத்தில் அந்த வாசிப்பு உதவவில்லை.

உயரமான செந்நிறக் குதிரை. பனிக்குளிருக்கு என்று முதுகில் தடித்த போர்வை. தலையைத் தாழ்த்தி, தூண் மாதிரி நின்றது. காலைத் தூக்கினால் கொடுத்தது. காதைத் தொட்டாலும் அசையவில்லை. விலையும் மலிவு. "இனம் எப்படி இருந்தாலும், இது அமைதியான குதிரை" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து போர்வையை எடுத்தபோது விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. மச்சான் இரக்கமுள்ளவர். புல், தவிடு, கழித்துப் போட்ட கரட் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தேற்றினார். ஒரு மாதத்தில் குதிரை பளபளத்தது. தலை நிமிர்ந்தது. காதுகள் எல்லாப் பக்கமும் திரும்பத் தொடங்கின. சவாரிக்கு விடுமுன் பழக்கிப் பார்க்கலாம் என்று மருமகன் ஏறிய அன்று, வீதியில் ஓர் ஓட்டோ வெடித்த புகைச் சத்தத்துக்கு அது பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. பதினாறு வயதுப் பிள்ளை வேலியில் விழுந்து கை முறிந்தது.

ராத்தா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அல்லாஹ் காப்பாத்தினான் தம்பி" என்று மட்டும் சொன்னா. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

குதிரையில் பிழையில்லை. நாங்கள் பார்த்தது அதன் சுபாவத்தை அல்ல, பசியை. பட்டினி கிடக்கும் பிராணிக்குப் பயப்படவும் சக்தி வேண்டும். அது இல்லாதபோது நமக்கு அது சாதுவாகத் தெரிகிறது.

மச்சான் அதைக் குறைந்த விலைக்கு, நன்றாகச் சவாரி தெரிந்த ஒருவருக்கு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி விற்றார். குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சில்லை. மிச்சப் பணத்துக்கு மட்டக்குதிரைதான் கிடைக்கும்.

இம்முறை ஒரே குதிரையை மூன்று தரம் போய்ப் பார்த்தோம். சொல்லிவிட்டு ஒரு தரம், சொல்லாமல் இரண்டு தரம். அதில் ஒன்று விடியற்காலை, தீனி தின்றுகொண்டிருந்த வேளை. மருந்து கொடுத்து அடக்கி வைத்திருந்தால் மூன்று நாளும் மறைப்பது கடினம். போர்வை இல்லாத முதுகில் கையால் தடவிப் பார்த்தோம். நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தோம். சொந்தக்காரரையே முதலில் ஏறி ஓட்டச் சொன்னோம். பக்கத்தில் குடையை விரித்தோம். ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினோம். அது திடுக்கிட்டது, சத்தம் வந்த பக்கம் பார்த்தது, பிறகு தின்னத் தொடங்கியது. மச்சானின் முகம் அப்போதுதான் தெளிந்தது. பயப்படாத குதிரை இல்லை. பயந்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

நாலு அடி மூன்று அங்குல உயரம். அகன்ற நெஞ்சு, கட்டையான கால்கள். தன் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஒரு குதிரையில் ஏற்றக் கூடாது என்பார்கள். பிள்ளைகளுக்கு அது தாராளம். "என்ன இனம்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். வயதான அந்த மனிதர் சிரித்தார். "தெரியாது மாஸ்டர். பத்து வருசமா என்ட பேரப்புள்ளயள் இதுக்கு மேலதான்." அதைவிடப் பெரிய வம்சாவளி தேவைப்படவில்லை.

எனக்கு ஒரு கடன் மிச்சமிருக்கிறது. 2022 இல் என் வகுப்பின் பின் வரிசையில் ஒரு பிள்ளை இருந்தாள். அசையமாட்டாள், பேசமாட்டாள், எதையும் கேட்கமாட்டாள். முன்னேற்ற அறிக்கையில் 'மிகவும் அமைதியான, ஒழுக்கமான மாணவி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பயிற்சிக் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தவன் நான். காலையில் அவள் என்ன சாப்பிட்டு வருகிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அடுத்த வருடம் தகப்பனுக்கு வேலை கிடைத்தது. பிள்ளை பேசத் தொடங்கினாள், சிரித்தாள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறித்தாள். 'கெட்டுப் போய்விட்டாள்' என்று ஆசிரியர் அறையில் நான் சொன்னதும் நினைவிருக்கிறது.

வேலியோரம் மருமகன் விழுந்து கிடந்த அன்றுதான் அந்த அறிக்கை ஞாபகத்துக்கு வந்தது. இப்போது வகுப்பில் சத்தம் கூடினால் மேசையில் தட்டத்தான் செய்கிறேன். ஆனால், அதற்கு முன் சத்தமே போடாத பிள்ளை யார் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.