அண்ணனூரில் ஏர் எடுக்கிறார்கள்

அண்ணனூரில் புறநகர் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை இருக்கிறது. அந்த ரயில்களில் பிரேக் பிடிக்க வைப்பது அழுத்தப்பட்ட காற்று. அதே ஊரில், தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட்டில் காற்றுதான் எதிரி. காரின் பிரேக் குழாய்க்குள் அது கொஞ்சம் புகுந்தாலும் பெடல் மெத்தென்று அமுங்கும், வண்டி நிற்காமல் முன்னே போகும். புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் 'ஏர் எடுக்கிறது' என்கிறார்கள்.

நான் போயிருந்த காலையில் வந்து நின்றது பழைய மாருதி 800. ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடைய வண்டி. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். "முதல் மிதி கீழ போயிடுது. ரெண்டாவது மிதிச்சாத்தான் புடிக்குது. மாஸ்டர் சிலிண்டரை மாத்திடுங்க" என்றார்.

"மாத்தலாம் சார், அவசரம் இல்ல. மொதல்ல மிதிச்சுப் பார்த்துடறேன்" என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர்.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு இறங்கியிருந்தது, ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. பிறகு சீட்டில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல், பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடித்தார். அழுத்திய இடத்திலேயே கால் நின்றால் ஒரு விஷயம். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வேறு விஷயம்: மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது என்று அர்த்தம். இங்கே கால் இறங்கவில்லை.

அடுத்து நாலைந்து முறை வேகமாகப் பம்ப் செய்தார். பெடல் மேலே ஏறி வந்தது. ஏறி வந்து கல் மாதிரி நின்றிருந்தால், பின் சக்கர ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று முடிவு செய்திருப்பார். இது ஏறி வந்தும் துள்ளியது. "ஏர் இருக்கு" என்றார். காலை எடுக்காமலே இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பெடல் லேசாகத் தாழ்ந்தது. பூஸ்டர் வேலை செய்தால் அப்படித்தான் தாழும். அதைக் கோளாறு என்று நினைத்துப் புது பூஸ்டர் வாங்கிக் கொண்டு வருபவர்களும் உண்டாம்.

ஏர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது எந்த வழியாக வந்தது? உதவிக்கு இருக்கும் பையன் சக்கரங்களைக் கழற்றினான். இடது பின்பக்க டிரம்மைத் தட்டி எடுத்ததும் விடை கிடைத்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் முனையால் விலக்கியதும் ஆயில் சொட்டியது. ஷூவின் லைனர் ஈரத்தில் கறுத்திருந்தது. ஆயில் குடித்த லைனரைத் துடைத்துப் போட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் புது வீல் சிலிண்டரோடு, இரண்டு பின் சக்கரங்களுக்குமே புது ஷூ.

உதிரி பாகத்துக்கு இந்த வட்டாரத்தில் அலைய வேண்டியதில்லை. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் இருக்கும் பாடியில்தான் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது. அதன் டிவிஎஸ் கெர்லிங் டப்பா இல்லாத ஸ்பேர் பார்ட்ஸ் கடை அபூர்வம். லாரி, பஸ்களுக்கான ஏர் பிரேக் செய்வதற்காக சுந்தரம் கிளேட்டன் பாடியில் தொடங்கியதும் அதே 1962இல். ஆயிலை நம்பும் பிரேக்கும் காற்றை நம்பும் பிரேக்கும் அக்கம்பக்கமாக வளர்ந்த பகுதி இது.

ஆயிலை அழுத்தினால் சுருங்காது. காலின் அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும். காற்று சுருங்கிவிடும். ஆனால் பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140தான். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்த ஈரம் ஆவியாகி, காற்றைப் போலவே பெடலை மெத்தென்று ஆக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

புதுச் சிலிண்டர் ஏறியதும் ஏர் எடுக்கும் வேலை. டிரைவர் சீட்டுக்கு எதிர்மூலையான இடது பின் சக்கரத்தில் தொடங்கினார்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதுதான் தூரம். ஏர் எடுக்கும் நிப்பிளில் ஒரு டியூப். டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தார் மெக்கானிக். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதித்தால், வழக்கமாகப் போகாத துருப் பகுதியில் வாஷர் உரசிக் கிழிந்துவிடுமாம். நன்றாக இருந்ததை நாமே கெடுத்ததாகிவிடும்.

"அழுத்துடா."

"அழுத்திட்டேண்ணா."

"புடி."

"புடிச்சிருக்கேண்ணா."

ஸ்பானர் கால்வாசி திரும்பியது. பாட்டிலுக்குள் குமிழிகள் பொங்கின. நிப்பிள் இறுகிய பிறகுதான் "விடு". முந்திக் காலை எடுத்தால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நடுநடுவே டப்பாவில் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அது காலியானாலும் மறுபடி முதலிலிருந்து. குமிழி நின்று, தெளிந்த ஆயில் வந்ததும் அடுத்த சக்கரம். பாட்டிலில் சேர்ந்த பழையதை யாரும் திரும்ப ஊற்றவில்லை.

2019 ஏப்ரலிலிருந்து விற்கும் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றில் சிலவற்றுக்கு ஏர் எடுக்க ஸ்கேனர் வேண்டும். அந்தக் கருவி இல்லாத இந்த மாதிரி ஷெட்டுகளைத் தாங்குவது பழைய வண்டிகள்தான்.

சாயங்காலம் பில் போட்டார்: வீல் சிலிண்டர், ஷூ செட், ஆயில், லேபர். காலையில் மிதித்துப் பார்த்த அரை மணி நேரத்துக்கு அதில் எதுவும் போடவில்லை. கேட்டதற்கு, "பார்த்துச் சொன்னதுக்கு யார் சார் காசு தருவாங்க?" என்றார். அந்த அரை மணி நேரம்தான், நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியது. அதை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், கசியும் வீல் சிலிண்டரோடு வண்டி ரோட்டுக்குப் போயிருக்கும். மாட்டிய பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். எதை மாட்ட வேண்டாம் என்று சொல்லும் அறிவுக்குக் கொடுப்பதில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது 'இதை மாத்துங்க' என்று ஆரம்பிக்காமல் கோளாறை மட்டும் சொல்லுங்கள். பார்த்துச் சொன்னதற்கும் கூலி கேட்டால் பேரம் பேசாதீர்கள்.