அடுத்த கை

ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு குப்பைக்குழி இருந்தது. வரிசை முழுக்க அத்தனை வீட்டுக்கும் அது ஒன்றுதான். மீன் செதில், உடைந்த பீங்கான், ஒட்டுப்போட முடியாத அளவுக்குத் துருவேறிய தகரம், இவை தவிர அதில் வேறெதையும் பார்த்த ஞாபகம் இல்லை. இன்று கெடாவின் லூனாஸில், தாமான் குடியிருப்பில் என் வீட்டு வாசலில் இருக்கும் தொட்டி, லோரி வருவதற்குள் மூடி நிற்காமல் நிரம்பி வழிகிறது. வீட்டில் ஆட்கள் குறைவு, குப்பை மட்டும் அதிகம். குப்பையில்லாத வீடு என்று இப்போது ஆர்வத்தோடு பேசுகிறார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு தோட்டத்துக்குப் போய்விடுகிறது.

கோப்பிக் கடையில் வீட்டுக்கு எடுத்துப்போக 'பொங்குஸ்' வாங்கினால் காலி டின்பால் டப்பாவில் ஊற்றித் தருவார்கள். மூடியை முழுசாக வெட்டி எடுக்காமல் மேலே மடக்கி, ஓட்டை போட்டு, கயிறு கோத்திருப்பார்கள். சூடான டின் காலில் படாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது எங்களுக்கு ஒரு வித்தை. கோப்பி தீர்ந்த பிறகு அந்த டின்னுக்கு வேலை கூடிவிடும். அரிசி அளக்க ஒன்று, தொட்டியில் தண்ணீர் மொள்ள ஒன்று, மிளகாய் நாற்றுக்கு ஒன்று. சோறு வடிக்கும்போது அம்மா கேட்பதே, 'எத்தனை டின் போடட்டும்?' என்றுதான்.

அந்தக் கணக்கு அம்மாவுக்கு ரப்பர் மர நிரையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து மரத்தடிக்குப் போனால், உளி வைப்பதற்கு முன் முந்தின வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும். நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, அறுந்துவிடாமல் ஒரே இழுப்பில் கோடு முழுக்க உரித்துக் கூடையில் போடுவார் அம்மா. பால் வடியும் மங்கில் உறைந்து போனது கட்டிப்பால், அதுவும் கூடைக்கு. வழிந்து மரத்தடி மண்ணோடு ஒட்டிக் கிடப்பதையும் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் நிறுவை உண்டு, காசு உண்டு. ஆலையில் அவற்றைத் தனியாகக் கழுவி அரைத்து கிரேப் ரப்பராக்கினார்கள். ஒரு சொட்டுப் பாலையும் மண்ணுக்கு விடாத கை, அடுப்படியில் மட்டும் எப்படி விடும்?

அரிசி களைந்த கழுநீரும் காய்கறித் தோலும் மாடு வைத்திருந்த பெரியம்மா வீட்டுக்குப் போகும். அங்கிருந்து சாணம் எங்கள் கீரைப் பாத்திக்கு வரும். ரப்பர் விறகு எரிந்த சாம்பல், தேங்காய் நாரோடு சேர்ந்து பாத்திரம் விளக்கும். அப்பாவின் கைலி கிழிந்தால் தம்பிக்குத் தொட்டில், அதுவும் நைந்தால் கரித்துணி. கிச்சாப் போத்தல் சீனர் கடைக்கே திரும்பும். கடை முதலாளியான தௌக்கே அதை வாங்கி வைத்துவிட்டு, 555 நோட்டில் எங்கள் கடனில் சில காசைக் கழிப்பார். படித்து முடித்த தமிழ் நேசன் நெத்திலி மடிக்கும், மிச்சம் பழைய பேப்பர் வாங்க வரும் 'பேப்பர் லாமா'க்காரர் தராசில் ஏறும். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையும் 2019இல் நின்றுவிட்டது.

பாட்டி இன்னும் ஒரு படி மேலே. சவுக்காரம் தேய்ந்து சில்லானால் அதைப் புதுக் கட்டியின் முதுகில் அழுத்தி ஒட்டிவிடுவார். 'சப்பான்காரன் காலத்தில இது கிடைச்சிருந்தா!' என்பார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடாவுக்குள் புகுந்ததிலிருந்து 1945 வரை மரவள்ளிக் கிழங்கே சோறு, சாக்கே துணி. சாம்பலையும் எண்ணெயையும் வைத்துச் சவுக்காரம் காய்ச்சிய தலைமுறை அது. அந்தப் பஞ்சத்தை நான் புகழவில்லை. பசியும் குறைந்த கூலியும் கற்றுக்கொடுத்த சிக்கனம் அது. அந்த வறுமை போனது நல்லதே. அதோடு சேர்ந்து, ஒரு பொருளை வாங்கிக்கொள்ளக் காத்திருந்த கைகளும் போய்விட்டதுதான் எனக்கு வலிக்கிறது.

ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயங்கள் இடிபட, சனங்கள் தாமான்களுக்குச் சிதறினார்கள். சிமெண்டு போட்ட பின்கட்டில் மாடு ஏது, பாத்தி ஏது? கடைத்தெருவில் எல்லாமே பிளாஸ்டிக் பை. 2015 செப்டம்பர் முதல் மறுசுழற்சிப் பொருளைப் பிரித்து வைப்பது கெடாவிலும் சட்டமானது. பிரித்து வைத்தால் போதாது, அது எங்கே போகிறது என்பதும் முக்கியம். 2018இல் சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்ததும், அது மலேசியாவின் பக்கம் திரும்பிற்று. இதே கெடாவில், சுங்கை பட்டாணி மக்கள் பிளாஸ்டிக் எரியும் நாற்றத்தால் இரவில் மூச்சுத்திணறினார்கள். எங்கோ ஒரு வீட்டில் நல்ல மனதோடு கழுவிப் பிரித்து வைத்த டப்பாவும் அந்தப் புகையில் இருந்திருக்கும்.

இப்போது வீட்டில் என்னால் ஆனதைச் செய்கிறேன். காய்கறித் தோலைக் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காக ஒரு பீப்பாயில் போட்டு மட்க வைக்கிறேன். ஈரம் கூடினால் நாறும், இலையைக் கூட்டினால் சரியாகிவிடும். மீ கோரெங் வாங்க டிபன் கேரியரோடு போகிறேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடங்களாகத் தமிழிலும் சொல்லி வருவதுதான் இதெல்லாம். ஆனால் கண்ணாடிப் போத்தல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, திரும்ப வாங்க தௌக்கே இல்லை. ஒரு வீடு தனியாகக் குப்பையில்லாமல் வாழ முடியாது என்பதை அந்தப் போத்தல்களே சொல்கின்றன. லயத்தில் நாங்கள் அப்படி வாழ்ந்தது எங்கள் வீட்டுச் சாமர்த்தியத்தால் அல்ல. பெரியம்மாவும் தௌக்கேயும் பேப்பர் லாமாக்காரரும் இருந்ததால்தான்.

அதனால் அந்தக் கைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். தாமானுக்கு ஒரு பொது உரக்குழி போதும். கோயில் அன்னதானத்தில் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் திரும்பி வரட்டும், கழுவ நாலு பேர் முன்வந்தால் ஆகாத காரியமில்லை. பக்கத்து வீட்டு அக்கா இப்போது தன் வீட்டுத் தோலையும் என் பீப்பாய்க்கே கொடுத்தனுப்புகிறார், மட்கிய உரத்தில் பாதி அவர் வீட்டு முருங்கைக்குப் போகிறது. எதிர்வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.