பனஞ்சிலாகை வில்லும் தரம் 4 பிள்ளைகளும்

 

போன தவணை எங்கள் பிள்ளைகள் பனஞ்சிலாகையில் வில் செய்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். "வில்லின்ர பலத்தைக் கூட்ட ஏலாதா சேர்?" என்று இரண்டு வாப்பாமார் கேட்டார்கள். ஏலும். எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். முடிவில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது, அதையும் வாசியுங்கள்.

முதலில் பனை. எங்கள் தீவுகளில் கூரைக்கும் வேலிக்கும் தேடுகிற இந்த மரம் வில்லுக்கும் பழைய மரம்தான். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில் செய்யும் பொருள்கள் நான்கைச் சொல்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. முதலில் நிற்பது பனை. முற்றின பனையில் வைரம் வெளிப்பக்கம்தான் இருக்கும், உள்ளே போகப் போக மென்மை. பழைய வீடு பிரித்தபோது மிஞ்சிய சிலாகையை நாங்கள் எடுத்ததும் அதனால்தான்.

நாணைக் குறித்த தூரத்துக்கு இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டுமோ, அதுதான் வில்லின் பலம். பாடசாலை விற்றராசைக் கொழுவி அளந்தோம். தராசின் பெயரிலேயே வில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சிரித்தது. இழுக்கும் தூரம் கூடக்கூட விசையும் கூடியதைப் பிள்ளைகளே வரைபில் குறித்தார்கள். ஊக்கின் விதி அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கையில் பிடிபட்டது.

பலத்தைக் கூட்டச் சொன்னதும் எல்லாரும் நாணைக் குறுக்கத்தான் ஓடினார்கள். அதில் பெரிய பலன் இல்லை. ஓய்வில் இருக்கும்போதே மரம் கூட வளைந்து நிற்கும், நாண் அம்பைத் தள்ளும் தூரமும் குறையும். மரம்தான் களைக்கும்.

உண்மையான வழிகள் சில உண்டு. இரண்டு முனையிலும் சம அளவு அறுத்து வில்லைக் குறுக்கலாம். விசை கூடும், ஆனால் அதே தூரம் இழுத்தால் மரம் முன்னையிலும் கூட வளைய வேண்டிவரும், முறியும் ஆபத்தும் கூடும். வளையும்போது விரிகிற வெளிப்பக்கத்தில் மெல்லிய மூங்கில் பட்டை ஒட்டலாம். ஒஸ்மானியத் துருக்கியர் மரத்தின் வெளிப்பக்கத்தில் தசைநாரும், அமுங்குகிற உட்பக்கத்தில் கொம்பும் வைத்துத்தான் குறுகிய வில்லில் அவ்வளவு பலம் எடுத்தார்கள். ஈரம் பிடித்த மரம் தளரும். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் நன்றாக உலரவிட்டாலே கொஞ்சம் பலம் திரும்பும்.

தடிப்பின் கணக்கு இன்னும் முக்கியம். விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிப்பில் 10 வீதத்தைச் சுரண்டினால் விறைப்பில் 27 வீதம் போய்விடும். சுரண்டினதைத் திரும்ப வைக்க முடியாது.

நாங்கள் முனைகளில் ஒவ்வொரு விரற்கடை அறுத்தோம். தராசில் விசை கூடியது. ஆனால் ஒரு பக்கம் மற்றதை விடக் குறைவாக வளைந்தது. அப்படியே விட்டால் வளைகிற பக்கமே பாரம் முழுவதையும் தாங்கி ஒருநாள் முறியும். விறைத்த பக்கத்தைச் சுரண்டிச் சமப்படுத்தியதும், கூடிய விசையில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. முறியாத வில் வேண்டுமா, இன்றைக்கு மட்டும் பெரிய எண் காட்டுகிற வில் வேண்டுமா என்று கேட்டோம். அவர்களே முடிவெடுத்தார்கள்.

இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பல் 1545இல் மூழ்கியது. 1982இல் கப்பல் வெளியே எடுக்கப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட நெடுவில்களில் பலவற்றின் இழுவிசை 100 இறாத்தலைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியான வில்லை இழுத்தவர்கள் ஒரே நாளில் இழுக்கவில்லை. அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஹியூ லத்திமர் என்ற பாதிரியார், தன் தகப்பன் தன்னுடைய வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்லையே வாங்கித் தந்தார் என்றும், தான் வளர வளர வில்லும் பெரிதானது என்றும் 1549இல் சொல்லியிருக்கிறார்.

இனி வேண்டுகோள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக, தரம் 4 பிள்ளைகளைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் முதல் படகில் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் ஆசை எங்களுக்கு விளங்குகிறது. 1990இல் எல்லாவற்றையும் விட்டுப் போய்த் திரும்பி வந்த குடும்பங்களுக்கும், கடலை நம்பி வாழ்கிற குடும்பங்களுக்கும் படிப்பை விட்டால் வேறு சொத்து இல்லை. ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளைகள் மேசையில் தலைவைத்துத் தூங்குவதைப் பார்ப்பது நாங்கள்தான். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க வெறுக்கிறது. ஒன்பது வயதில் சுரண்டுப்பட்ட ஆர்வத்தை உயர்தரத்தில் எந்த ரியூசனிலும் திரும்ப ஒட்ட முடியாது.

படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு நாளையாவது பிள்ளைக்கு விடுங்கள். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் இங்கேயே, பாடசாலையிலேயே, காசில்லாமல் நாங்கள் படிப்பிக்கிறோம். எந்தப் பிள்ளை எதில் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பலப்படுத்துவோம்.

வில் செய்யப் போகிற பெரிய பிள்ளைகளுக்கும் ஒன்று: அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் வெடிக்கும். ஆளையோ ஆட்டையோ குறி வைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வில்லைத் தொடவே வேண்டாம்.

சனிக்கிழமை வகுப்புக்குச் சம்மதமான பெற்றோர் இந்த வெள்ளிக்கு முன் பெயரைத் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரமே தொடங்குவோம்.