முள் மாற்றும் முன்

ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்றலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எல்பியின் ஒரு பக்கத்துக் கடைசிப் பாட்டை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகத்தான் சுழல்கிறது. ஆனால் விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ. மட்டுமே. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெளிந்து கிடக்கிறது. அங்கே பாடகியின் சகரம் சீறினால், வயலினின் மேல்ஸ்தாயி கரகரத்தால், அந்த நெளிவுக்குள் முள் போகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

*

ஆகவே காசு போக வேண்டிய இடம் முள்ளின் முனை. சாதாரண கூம்பு முனையின் ஆரம் சுமார் 15 மைக்ரான். மைக்ரோலைன் என்ற நுண்முனையின் பக்கவாட்டு ஆரம் 3 மைக்ரான் அளவுதான். பள்ளச் சுவரை அது மெல்லிய, நீண்ட கோடாகத் தொடுகிறது. பழைய பிளேயர் தேய்த்த இடத்துக்கு மேலோ கீழோ தேயாத சுவர் மிஞ்சியிருந்தால் அதையும் வாசிக்க வாய்ப்புண்டு. செகண்ட் ஹேண்ட் ரெக்கார்டு வாங்குபவருக்கு இது பெரிய விஷயம்.

*

இன்னொரு நுண்முனையான ஷிபாட்டா பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1970களில் ஜேவிசி நிறுவனம் நான்கு சேனல் எல்பி கொண்டுவந்தது. கூடுதல் சேனல்களுக்காக 30 கிலோஹெர்ட்ஸ் கேரியர் அலையையும் பள்ளத்திலேயே பதித்தார்கள். பழைய முனைகளால் அதைப் படிக்க முடியவில்லை. நொரியோ ஷிபாட்டா புது வடிவம் தந்தார். நான்கு சேனல் தட்டுகள் வழக்கொழிந்தன. முனை இன்றும் விற்கிறது.

*

கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டே முனையை மட்டும் மாற்ற ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசை நல்ல உதாரணம். உடல் ஒன்றுதான்; கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லின் திருகைத் தொடவே வேண்டாம். ஓர்டோஃபோன் 2எம் ரெட் வைத்திருப்பவரும் அதே உடலில் ப்ளூ முள்ளைச் செருகிக்கொள்ளலாம்.

ஆயுளையும் பாருங்கள். ஆடியோ-டெக்னிகா சொல்லும் கணக்கில் நீள்வட்ட முள்ளுக்கு 300 மணி நேரம், மைக்ரோலைனுக்கு 1000. தினம் 40 நிமிட எல்பி ஒன்று கேட்டால், முன்னது ஒன்றேகால் வருடம், பின்னது நான்கு வருடம். விலை உயர்ந்ததுதான் கடைசியில் சிக்கனம்.

*

மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் மீது ஆசை எல்லோருக்கும் வரும். ஜப்பானின் என்ஹெச்கே ஒலிபரப்புக்காக 1960களில் உருவான டெனான் டிஎல்-103 இன்றும் தயாராகிறது. வெளியீடு 0.3 மில்லிவோல்ட், மேலே சொன்னவை போன்ற மூவிங் மேக்னட் வகையில் பத்து மடங்குக்கு மேல் கிடைக்கும். அந்தச் சிறு வெளியீட்டைப் பெருக்க ஏற்ற ப்ரீஆம்ப் வேண்டும். டிஎல்-103இன் முள் விறைப்பானது, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் கனமாக இருக்க வேண்டும். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து அதிரும் அதிர்வெண் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டும் காலடி அதிர்வும் முள்ளை ஆட்டும். மேலே போனால் இசையின் கீழ்ஸ்தாயியில் கை வைக்கும். லேசான ஆர்மில் அது மேலே போய்விடும், டிஎல்-103 பொருந்தாது. ப்ரீஆம்ப், ஆர்ம் இரண்டையும் மாற்றத் தயாரில்லாதவருக்கு அது வேண்டாம் என்பேன்.

*

வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள், நாடகப் பாட்டோ நாதஸ்வரமோ, இருக்கிறதா? எல்பி முள்ளை அவற்றின் மேல் வைக்காதீர்கள். அந்தப் பள்ளம் அகலம். மெல்லிய முள் அடியில் கிடக்கும் தூசியிலும் கீறலிலும் இழுபடும். சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள முள் வேண்டும். விஎம்95 உடலுக்கே அப்படி ஒன்று தனியாகக் கிடைக்கிறது. முள் அழுத்தும் எடையை 5 கிராம் அளவுக்குக் கூட்ட வேண்டும்; எல்பிக்குத் திரும்பும்போது 2 கிராமுக்குக் குறைக்க மறக்கக் கூடாது.

*

புது முள் வந்ததும் முதல் வேலையாக ரெக்கார்டைக் கழுவுங்கள். நுண்முனை இசையை எடுப்பது போலவே அழுக்கையும் எடுக்கும். எடையைத் தராசில் பாருங்கள், அளவுகோல் அட்டை வைத்துக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் கடைசிப் பாட்டு சீறினால், தட்டுதான் தேய்ந்திருக்கலாம். வேறு பிரதி தேடுங்கள்.