சுவருக்கு வாயும் உண்டு!

பக்கத்து வீட்டு அலாரத்துக்கு நீங்கள் எழுந்திருக்கிறீர்களா? அங்கே ஓடும் சீரியலின் கதை, பார்க்காமலே உங்களுக்கு அத்துப்படியா? அப்படியென்றால் இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

அடுக்குமாடிகளில் பல இடங்களில், இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே நிற்பது ஒரு நாலரை இன்ச் செங்கல் சுவர். சத்தத்தைத் தடுப்பது கனம். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் ஐந்தாறு டெசிபல்தான் குறையும். பி.காம். படித்த எனக்கு ஐம்பதும் ஐம்பதும் நூறு. டெசிபல் கணக்கில் அது 53! ஆனால், பத்து டெசிபல் குறைந்தால் போதும்... காதுக்குப் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

சிலர் முட்டை அட்டையையும் தெர்மாகோலையும் சுவரில் ஒட்டுகிறார்கள். வேண்டாம் சார்! ஊதினால் பறக்கிற சமாசாரம் மாமியார் வசனத்தை எப்படித் தடுக்கும்? முதலில் ஓட்டைகளைத் தேடுங்கள். சத்தமும் தண்ணீர் மாதிரிதான், சின்னச் சந்து கிடைத்தால் போதும். ஏசி பைப் போகும் துளை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகோடு முதுகாக வைத்த சுவிட்ச் பாக்ஸ்... எலெக்ட்ரீஷியனை வைத்து அடைத்துவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

கையில் காசு இருந்தால், பழைய சுவரைத் தொடாமல் தனி ஃப்ரேம், உள்ளே ராக்வூல், மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. நல்ல பலன் உண்டு. அறையில் சில இன்ச் போகும். ஆனால், சத்தம் தரை வழியாகவும் கூரை வழியாகவும் வரும் என்பதை மறக்காதீர்கள்.

இதையெல்லாம்விடச் சிக்கனம், சத்தம் பிறக்கும் இடத்திலேயே அமுக்குவது.

என் நண்பர் ஒருவர், தினம் ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரை ஓங்கிக் குத்துவார். அந்தப் பக்கம் டி.வி. குறையாது. மாதக்கணக்கில் யுத்தம். ஒரு ஞாயிறு காலை அவர் மனைவி, கிண்ணத்தில் பாயசத்தோடு போய்க் கதவைத் தட்டினார். திறந்தது, காது மந்தமான ஒரு பாட்டி. தாத்தா போன பிறகு, பேச்சுக் குரல் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். சுவரைக் குத்தியதே காதில் விழவில்லை!

'எங்க ரூமுக்கு ஒரு நிமிஷம் வந்து பாருங்கம்மா' என்று பேரனைக் கூட்டிப்போய்க் கேட்க வைத்தார்கள். பையன் ஆடிப்போய்விட்டான். பொதுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த டி.வி. எதிர்ச் சுவருக்குப் போனது. பாட்டியின் தலையணை பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர். செலவு சில நூறு ரூபாய்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அளவு 45 டெசிபல். புகார் கொடுக்கலாம். கொடுத்த பிறகும் அதே லிஃப்ட்டில், அதே முகத்தோடு இறங்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே, கோபம் உச்சியில் இருக்கும் ராத்திரி பதினோரு மணிக்குப் போகாதீர்கள். மறுநாள் காலையில் போங்கள். தன் வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று யாருக்குமே தெரியாது... உங்களுக்கும்தான். உங்கள் மிக்ஸி எந்தச் சுவரோரம் இருக்கிறது?