எல்லாரிடமும் ஓடும் பிள்ளை

குழந்தைகள் இல்லத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் கிளம்பும்போது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "எவ்ளோ பாசமான பிள்ளைங்க! பார்த்த ஒடனே ஓடியாந்து கட்டிப் பிடிச்சிக்கிதுங்க." தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இதை ஒரே நாளில் நான்கைந்து பேரிடம் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ஐஸ்பெட்டியில் கேக் வைக்க இடமிருக்காது. வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுப்பார்கள். தீபாவளி முடிந்ததும் அரிசி மூட்டைகள் மட்டும் மிஞ்சும்.

பட்டப்படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த பத்து மாதங்கள் கிள்ளான் பக்கம் அப்படியோர் இல்லத்தில் வேலை செய்தேன். என் பொறுப்பில் இருந்தவர்களில் ஆகச் சிறியவளுக்கு நான்கு வயது. எல்லாருக்கும் அவள் 'சின்னவள்'தான். முதல் நாளே என் மடியில் ஏறி உட்கார்ந்து, "நீங்க என் அக்காவா?" என்றாள். பத்து நிமிடம் கழித்து, கேஸ் தோம்பு கொண்டுவந்த அங்கிளின் காலைக் கட்டிக்கொண்டு, "நீங்க என் அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது பாசமில்லை, பழக்கம். யார் நிலைப்பார் என்று தெரியாத பிள்ளை எல்லாரையும் பிடித்துப் பார்க்கிறது. 1969-இல் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி இங்கிலாந்தில் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். அம்மா பிரசவத்துக்குப் போயிருந்த 9 நாள்களைக் காப்பகத்தில் கழிக்கும் ஜான் என்ற 17 மாதக் குழந்தையின் கதை. தாதிகள் நல்லவர்கள்தான், ஆனால் முறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் போய் ஒட்டப் பார்க்கிறான். யாரும் அவனுக்கென்று நிலைக்கவில்லை. கடைசியில் பெரிய கரடி பொம்மை ஒன்றில் சாய்ந்துகொள்கிறான். ஒன்பது நாளில் அவனுக்கு அப்படி. சின்னவள் வந்து இரண்டு வருடமாகிவிட்டது. அதற்குள் ஆறு அக்காக்களைப் பார்த்துவிட்டாள். நான் ஏழாவது.

எங்களுக்குள் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். விடிந்ததும் குளிப்பாட்டி, ரெட்டை ஜடை பின்னி, பசியாற மைலோவும் ரொட்டியும் கொடுப்பேன். தினமும் அதே நேரம், அதே சீப்பு. மூன்றாவது மாதம் இரண்டு நாள் விடுமுறை எடுத்துத் திரும்பினேன். வாசலுக்கு ஓடிவரவில்லை. ஜடை பின்னக் கூப்பிட்டால் என் கையைத் தட்டிவிட்டாள். "ஒன் மேல கோவம் வந்துருச்சி, பாரு" என்று சமையல்கார அக்கா சிரித்தார். கேஸ் அங்கிள் வாரக்கணக்கில் வராவிட்டாலும் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. என்மேல் வந்தது. அடுத்த வாரம் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, வழியில் நின்ற மூன்று பெரியவர்களைத் தாண்டி என்னிடம் காட்ட வந்தாள்.

அன்று இரவு, அங்கே இருபது வருடமாக வேலை செய்யும் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய அம்மா தோட்டத்தில் ஆயாக்கொட்டகை பார்த்தவர். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

"எங்கம்மா அத்தன புள்ளயயும் தூக்கி வளத்தாங்க. மத்தியானம் பெத்தவ வந்துருவான்னு புள்ளைக்கும் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும். இங்க யாரு வருவா? நீ வேல கெடச்சா போயிருவ. அப்புறம் ராத்திரியில அழுறத நாங்கதான் பாக்கணும்."

பதில் சொல்ல முடியவில்லை. ஒட்டாமல் இருந்தால் அவள் எல்லாரிடமும் ஓடிக்கொண்டே இருப்பாள். ஒட்டினால் அழுவாள். இரண்டில் எது பெரிய இழப்பு? யாருக்காகவாவது அழத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொருவரை நம்பவும் தெரியும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த அழுகையைத் தாங்கும் கை பெரியம்மாவுடையது, என்னுடையதல்ல. அதனால் முடிவையும் அவரோடு சேர்ந்துதான் எடுத்தேன். ஜொகூரில் வேலை கிடைத்ததும் கடைசி மாதம் முழுவதும் ஜடை பின்னும்போது பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது ஜடை எனக்கு, வலது ஜடை அவருக்கு. சொல்லாமல் போவதில்லை என்றும் முடிவு செய்தோம். நாள்காட்டியைக் காட்டி, "இந்தத் தாள் வரும்போது அக்கா போயிருவேன்" என்றேன். மறுநாளிலிருந்து அவள் தாள் கிழிக்க யாரையும் விடவில்லை. கிழிக்காவிட்டால் அந்த நாள் வராது என்பது அவள் கணக்கு.

போன பிறகு ஐந்து இரவுகள் அழுதாளாம். ஆறாவது இரவு பெரியம்மாவின் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தேன், வருகிறேன். முதல் மாதம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவேயில்லை. இரண்டாவது மாதமும் அப்படித்தான். மூன்றாவது மாதம் சீப்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எத்தன மணிக்கு பஸ்ஸு?"

"அஞ்சு மணிக்கு."

"அப்ப இறுக்கமா கட்டுங்க."